கண்ணோரத்தில் சீழ்: மதுரைக்குப் போக வேண்டுமா?

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மகள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. அம்மாவுக்கு வயது 58. நெடுநாளாகச் சர்க்கரை நோய் உண்டு. இடக்கண்ணில் நான்கு ஆண்டுகளாக நீர் ஒழுகுகிறது. காலையில் எழுந்தால் பீளை கட்டியிருக்கும். சென்ற ஆண்டு கண் முகாமில் புரை அறுவைக்கு எழுதிவிட்டு, "கண்ணீர்ப்பையில் அடைப்பு இருக்கிறது, அதைச் சரிசெய்துகொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். முந்தாநாள் கண்ணின் மூக்கோர மூலையில் சிவந்து வீங்கியது. இன்று இமை மூடிக்கொண்டது, காய்ச்சலும் இருக்கிறது. மஞ்சள் பற்றுப் போட்டால் உடைந்து சரியாகிவிடும் என்கிறார்கள் உறவினர்கள். மூளைக்கு ஏறிவிடும் என்று பயமுறுத்துகிறார் பக்கத்து வீட்டுக்காரர். இருவரில் யார் சொல்வது சரி, மதுரைக்குப் போக வேண்டுமா என்பது கேள்வி.

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் கண்ணீர்ப்பையில் சீழ் பிடித்த நிலை; இந்த இடத்துச் சீழ் பெரும்பாலானவர்களுக்கு மூளைக்குப் போவதில்லை. ஆனால் சர்க்கரையும் காய்ச்சலும் சேர்ந்திருப்பதால் வீட்டில் பற்றுப் போட்டுக்கொண்டு காத்திருக்கவும் இடமில்லை. இன்றே இராமநாதபுரத்தில் கண் மருத்துவர் ஒருவர் பார்த்தாக வேண்டும். அங்கிருந்து மதுரைக்குப் போக வேண்டுமா என்பதை இமையின் வீக்கம் முடிவு செய்யாது. இமைக்குள் இருக்கும் விழியின் நிலைதான் முடிவு செய்யும். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கடற்கரையில் கண் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இங்கே பார்வை இழந்து வந்தவர்களில் பலர் இமையைப் பார்த்து ஏமாந்தவர்கள். பரங்கிக்காய் போல் வீங்கிய இமைக்குள் விழி நன்றாக இருந்ததையும், சுமாராக வீங்கிய இமைக்குள் விழி அசையாமல் நின்றுவிட்டதையும் நான் பார்த்திருக்கிறேன்.

நம் ஊரில் எல்லோருக்கும் கண்மாய் தெரியும் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மேலிமையின் வெளிப்புறத்தில் இருக்கும் சுரப்பியிலிருந்து கண்ணீர் வருகிறது; விழியைக் கழுவியபின், இமைகளின் மூக்கோர முனையில் உள்ள ஊசித்துளை அளவு வாய்கள் வழியாக உள்ளே இறங்கி, மூக்கெலும்பின் பக்கப் பள்ளத்தில் இருக்கும் சிறு பையில் சேர்ந்து, அங்கிருந்து எலும்புக்குள் செல்லும் குழாய் வழியே மூக்கில் வடிகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது இதனால்தான். அந்தக் கீழ்க்குழாய் அடைபட்டால், மடை தூர்ந்த கண்மாயில் கலுங்கு வழிவது போலக் கண்ணீர் கன்னத்தில் வழிகிறது. பையில் தேங்கிய நீரில் கிருமிகள் பெருகுகின்றன. நடுவயதைக் கடந்த பெண்களுக்கு இது அதிகம். அவர்களுக்கு அந்த எலும்புக் கால்வாய் குறுகலாக இருப்பது அதற்கு ஒரு காரணம்.

நான்கு ஆண்டுகள் நீர் ஒழுகியதை உங்கள் வீட்டில் யாரும் நோயாக நினைக்கவில்லை என்று தோன்றுகிறது. உப்புக் காற்று, வயது, அடுப்புப் புகை என்று ஏதோ ஒரு காரணம் சொல்லியிருப்பார்கள். பல ஆண்டுகளுக்கு முன் கடற்பாசி எடுக்கும் பெண்மணி ஒருவர் என்னிடம் வந்தார். பேசிக்கொண்டே முந்தானை நுனியைச் சுருட்டிக் கண்ணின் மூலையில் வைத்து அழுத்தினார். இமையோரத் துளையிலிருந்து மஞ்சள் சீழ் ஒரு துளி எழுந்து, கருவிழியின் மேல் மெல்லப் பரவியது. ஒரு நாளைக்கு நாலைந்து முறை இப்படிச் செய்வதாகவும், அப்படிச் செய்தால் கனம் குறைவதாகவும் சொன்னார். கனம் குறைவது உண்மைதான். ஆனால் வெளியேறும் சீழ் ஒவ்வொரு முறையும் விழியைத்தான் குளிப்பாட்டுகிறது. கருவிழியில் ஒரு பாசித் துணுக்கோ மணலோ கீறும் நாளில் அந்தக் கிருமிகள் கீறலுக்குள் புகுந்து புண்ணாக்கிவிடும். மதுரையில் 1994இல் கருவிழிப் புண்களிலிருந்து எடுத்து வளர்த்துப் பார்த்த பாக்டீரியாக்களில் முதலிடம் பிடித்தது நிமோகாக்கஸ். சீழ் பிடித்த கண்ணீர்ப்பையில் நெடுங்காலமாக நாங்கள் காண்பதும் அதே கிருமிதான். இத்தகைய புண்ணில் கருவிழிக்குப் பின்னால் சீழ் அடித்தட்டாகப் படியும். சில நாட்களில் கருவிழி ஓட்டையாகிவிடக் கூடும். நீர்ப்பைச் சீழின் பின்விளைவுகளில் எங்கள் பகுதியில் நான் அதிகம் அஞ்சியது மூளைக் காய்ச்சலை அல்ல, இந்தக் கருவிழிப் புண்ணைத்தான்.

முகாமில் திருப்பி அனுப்பியதை நீங்கள் வருத்தத்தோடு எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் அவர்கள் உங்கள் தாயாருக்கு நல்லதுதான் செய்தார்கள். புரை அறுவைக்கு முன் இமைத் துளையில் மழுங்கிய ஊசியால் நீர் செலுத்தி, தொண்டையில் நீர் இறங்கியதா என்று கேட்பது அதற்காகத்தான். இறங்காமல் சீழோடு திரும்பினால் அறுவையைத் தள்ளிவைக்க வேண்டும். அந்தச் சீழ் அறுவையின்போது விழிக்குள் புகுந்துவிட்டால் ஒன்றிரண்டு நாட்களில் விழி முழுவதும் சீழாகி, பார்வை மட்டுமன்றிக் கண்ணே போய்விடலாம். முகாமில் அந்தச் சோதனையைச் செய்த உதவியாளருக்கு நன்றி சொல்லுங்கள்.

இப்போதைய வீக்கத்திற்கு வருகிறேன். பை முழுவதும் சீழாகி, சுவர் தாங்காமல் சுற்றுச் சதைக்குள் கிருமி இறங்கியதால்தான் சிவப்பும் காய்ச்சலும் வந்திருக்கின்றன. ஊசியாகவோ மாத்திரையாகவோ ஆன்டிபயாடிக் தேவை; சொட்டு மருந்து மட்டும் போதாது, ஏனெனில் அது பையின் உள்ளே எட்டாது. கட்டி பழுத்திருந்தால் மருத்துவர் சிறிதாகக் கீறி வடிப்பார். இந்த நிலையில் குழாயில் நீர் செலுத்திப் பார்ப்பதோ கம்பி விடுவதோ கூடாது. கிருமியை இன்னும் ஆழமாகத் தள்ளிவிடும். அழுத்திப் பிதுக்குவதும் கூடாது. மஞ்சள் பற்றைப் பொறுத்தவரை, வெந்நீரில் நனைத்த சுத்தமான துணியால் மிதமான சூட்டில் ஒத்தடம் கொடுப்பதில் தவறில்லை. ஆனால் பற்று காய்ந்து இறுகி இமையை ஒட்டிவிட்டால் விழியைத் திறந்து பார்க்க முடியாமல் போகும், அதுதான் அதில் உள்ள பெருந்தீங்கு. எருக்கம்பால் வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது கண்ணில் பட்டால் கருவிழியைக் கெடுக்கும். கட்டி தானாக உடைந்தால் காய்ச்சல் தணியும், வலி போகும், எல்லோரும் பற்றைப் பாராட்டுவார்கள். ஆனால் அடைப்பு அப்படியே இருப்பதால் உடைந்த வாய் புரையோடி, மூக்கோரத்தில் ஒரு துளையிலிருந்து காலமெல்லாம் நீர் கசிந்துகொண்டிருக்கும்.

சீழ் பெரும்பாலும் மூளைக்குப் போவதில்லை என்று தொடக்கத்தில் சொன்னதற்குக் காரணம் உண்டு. கண்குழியின் எலும்பு விளிம்பிலிருந்து இமைக்குள் ஒரு மெல்லிய, ஆனால் உறுதியான தடுப்புச் சவ்வு இறங்குகிறது. அதற்கு முன்னால் இருப்பது இமை. பின்னால் இருப்பது விழியும் அதன் தசைகளும் பார்வை நரம்பும் கொழுப்பும் அடங்கிய கண்குழி. கண்ணீர்ப்பை இந்தச் சவ்வுக்கு முன்னால் அமைந்திருக்கிறது. ஆகவே பைச் சீழ் தோல் பக்கம் உடைவதுதான் வழக்கம். உள்ளே போவது அரிது. அரிது என்றால் இல்லை என்று பொருளல்ல. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள், பையைத் தவறான நேரத்தில் குத்திப் பார்க்கப்பட்டவர்கள் ஆகியோரிடம் சீழ் சவ்வைத் தாண்டிக் கண்குழிக்குள் இறங்கியதுண்டு.

தாண்டிவிட்டதா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். கையைக் கழுவிக்கொண்டு, ஈரத் துணியால் பீளையைத் துடைத்து, இரு இமைகளையும் எலும்பின் மேல் விரல் வைத்து மெதுவாகப் பிரியுங்கள். விழியை அழுத்தக் கூடாது. மேலே, கீழே, இடம், வலம் என நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லுங்கள். விழி எல்லாப் பக்கமும் தாராளமாக ஓடினால் நல்லது; ஒரு பக்கம் நின்றுவிட்டாலோ, அசைக்கும்போது உள்ளே ஆழமாக வலித்தாலோ, எதிரில் இருப்பது இரண்டாகத் தெரிந்தாலோ சீழ் பின்னால் போயிருக்கிறது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, பின்னால் நின்று தலையை அண்ணாத்திப் பிடித்து, நெற்றிக்கு மேலிருந்து பாருங்கள்; ஒரு விழி மற்றதைவிட முன்னே தள்ளியிருந்தால் தெரிந்துவிடும். அடுத்து, சுவரில் தொங்கும் காலண்டரின் முன் நிறுத்தி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமைத் தேதி சிவப்பில் அச்சாகியிருக்கும். வலக்கண்ணுக்கு அது நல்ல சிவப்பாகவும் இடக்கண்ணுக்கு வெளுத்துப்போன செங்கல் நிறமாகவும் தெரிந்தால், எழுத்து தெளிவாகத் தெரிந்தாலும் பார்வை நரம்பு நசுங்கத் தொடங்கியிருக்கிறது என்று பொருள். உங்கள் தாயாருக்குப் புரை இருப்பதால் முன்பே இரு கண்களிலும் வேறுபாடு இருக்கலாம். ஆகவே நேற்றைக்கும் இன்றைக்கும் உள்ள மாற்றத்தைக் கவனியுங்கள். மேற்சொன்னவற்றில் ஒன்று இருந்தாலும் மறுநாள் காலை வரை காத்திருக்கக் கூடாது. அப்போதே 108க்கு அழைக்க வேண்டும்.

இவ்வளவு அவசரம் ஏன் என்பதை விளக்குகிறேன். கண்குழி நான்கு பக்கமும் எலும்பால் ஆன கூம்பு. முன்பக்கம் மட்டும் திறந்திருக்கும், அதையும் சவ்வும் இமையும் இறுக்கிப் பிடித்திருக்கும். உள்ளே சீழும் வீக்கமும் கூடும்போது அழுத்தம் ஏறுகிறது. விழி முன்னே தள்ளப்படுகிறது. அதற்கு மேல் தள்ள இடமில்லாதபோது பார்வை நரம்பும் விழித்திரைக்குப் போகும் தமனியும் நசுங்குகின்றன. இரத்தம் நின்ற விழித்திரை சில மணி நேரத்தில் மீட்க முடியாதபடி செத்துவிடும். அழுத்தம் மிகவும் ஏறியவர்களுக்கு வெளிக்கண்மூலையை வெட்டித் தளர்த்தி விழிக்கு இடம் கொடுப்பதுண்டு. பார்ப்பவர்களுக்கு அது கொடூரமாகத் தோன்றலாம், ஆனால் பார்வையைக் காப்பது அந்த ஒரு வெட்டாக இருக்கக் கூடும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன மூளைப் பயம் முற்றிலும் கற்பனையும் அல்ல. முகத்தின் நடுப்பகுதியிலும் கண்குழியிலும் உள்ள சிரைகளில் இரத்தம் முன்னும் பின்னுமாக எந்தப் பக்கமும் ஓடக்கூடும். அவை மண்டையோட்டின் அடியில் காவர்னஸ் சைனஸ் என்னும் சிரைக்குழிவில் போய்ச் சேர்கின்றன. மூக்கிலும் மேலுதட்டிலும் வரும் பருவைக் கிள்ளாதே என்று பெரியவர்கள் சொல்வதன் உட்பொருளும் இதுவே. கிருமி படிந்த இரத்தக்கட்டி அந்தக் குழிவை அடைத்தால், அதன் வழியே போகும் விழியசைவு நரம்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். பெரும்பாலும் முதலில் விழியை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு. கடுமையான தலைவலி, வாந்தி, குளிர்காய்ச்சல், நெற்றியில் மரத்துப்போதல் ஆகியவை கூடவே வரும். இதைக் காட்டிக்கொடுக்கும் முக்கியமான அடையாளம், ஒன்றிரண்டு நாட்களுக்குள் மறு கண்ணும் வீங்கத் தொடங்குவது. இரு பக்கக் குழிவுகளும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால் அப்படி நேர்கிறது. மூளையுறைக் காய்ச்சல், மூளைக்குள் சீழ்க்கட்டி ஆகியவையும் இந்த வழியில் வருவனவே. ஆன்டிபயாடிக் வருமுன் கண்குழிச் சீழ் வந்தவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவர் இறந்தார். பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்கு அந்தக் கண் குருடானது. இன்று நிலைமை வெகுவாக மாறிவிட்டாலும், சிரைக்குழிவு அடைபட்டால் இன்றும் உயிருக்கு உறுதி சொல்ல முடியாது.

குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் கண்குழியில் சீழ் பெரும்பாலும் மூக்கைச் சுற்றியுள்ள எலும்புகளின் காற்றறைகளான சைனஸிலிருந்துதான் வருகிறது. மூக்குக்கும் கண்ணுக்கும் இடையே உள்ள எலும்புச் சுவர் காகிதம் போன்றது, அரை மில்லிமீட்டர் கூட இராது. ஒரு வாரம் சளி பிடித்த பிள்ளைக்குக் காய்ச்சலோடு ஒரு கண் மட்டும் வீங்கினால், பூச்சி கடித்ததாக எண்ணிவிட வேண்டாம். பிறந்த குழந்தையின் கண்ணில் நீர் வழிவது வேறு விஷயம். குழாயின் கீழ்வாயில் உள்ள சவ்வு திறக்காததால் வருவது அது. கண்மூலையிலிருந்து மூக்குப் பக்கமாகக் கீழ்நோக்கி விரலால் அழுத்தி நீவிவந்தால் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும். பிறந்த சில நாட்களில் அந்த இடம் நீலநிறமாகப் புடைத்திருந்தால் மட்டும் நீவாமல் உடனே காட்ட வேண்டும்.

உங்கள் தாயாரின் சர்க்கரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது கரும்பூஞ்சை என்ற சொல் எல்லோர் வாயிலும் இருந்தது. அந்த ஆண்டு மே மாதம் தமிழக அரசு அதைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஆனால் கொரோனாவுக்கு முன்பும் அது கட்டுப்பாடற்ற சர்க்கரைக்காரர்களிடம் இருந்தது, இப்போதும் இருக்கிறது. அது மூக்கிலும் சைனஸிலும் தொடங்கி, இரத்தக் குழாய்களை அடைத்துச் சதையைச் சாகடித்துக்கொண்டே கண்குழிக்குள் போகும். முகத்தின் ஒரு பக்கம் மரத்துப்போவது, மூக்கிலிருந்து கறுப்பாகவோ இரத்தம் கலந்தோ ஒழுகுவது, மேலண்ணத்தில் கறுத்த திட்டு, பல் ஆடுவது ஆகியவற்றைக் கேட்டும் பார்த்தும் கொள்ளுங்கள். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்து அண்ணத்தைப் பார்க்க அரை நிமிடம் போதும். அதற்கு ஆம்போடெரிசின் என்ற வேறு மருந்தும் அறுவையும் தேவை. தாமதமானால் உயிரைக் காக்கக் கண்குழி முழுவதையும் அகற்ற நேரிடும். வீக்கத்தின் மேல் தோல் ஊதாவாகவோ கறுப்பாகவோ மாறிக் கொப்புளித்தால் அதுவும் அவசரம். பாக்டீரியாவே தோலடிச் சதையை அழுகச்செய்யும் வேறொரு நிலை அது.

இராமநாதபுரத்தில் முதலில் சர்க்கரை, இரத்தப் பரிசோதனை, விழியசைவு, பார்வை ஆகியவற்றைப் பார்ப்பார்கள். சீழ் சவ்வுக்கு முன்னால்தான் என்று உறுதியானால் அங்கேயே மருத்துவம் நடக்கும். மதுரைக்கு ஓட வேண்டியதில்லை. ஐயம் இருந்தால் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். பின்னால் சீழ் தெரிந்தால் சிரை வழியாக மருந்து செலுத்தி, சில மணி நேரத்துக்கு ஒரு முறை பார்வையைச் சோதிக்க வேண்டும். பார்வை குறைந்தாலோ, ஒன்றிரண்டு நாளில் காய்ச்சல் தணியாவிட்டாலோ அறுவை செய்து சீழை வடிக்க வேண்டும். கண், காது-மூக்கு-தொண்டை, பொது மருத்துவம் ஆகிய மூவரும் சேர்ந்து பார்க்க வேண்டிய நோய் அது. அந்த நிலையில் மதுரைக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள். உங்கள் ஊரிலிருந்து இராமநாதபுரம் ஏறத்தாழ 45 கிலோமீட்டர், அங்கிருந்து மதுரை மேலும் 115 கிலோமீட்டர் அளவில். 1988இல் பாம்பன் சாலைப் பாலம் திறக்குமுன் ரயிலுக்குக் காத்திருந்து கண்ணை இழந்தவர்களின் கதைகளைத் தீவுக்காரர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். இன்று அந்தக் காரணம் இல்லை. முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளம்புவதும், என்ன மருந்து எத்தனை மணிக்குப் போடப்பட்டது என்று சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வதும் முக்கியம்.

நம் மாவட்டத்துக்கே உரிய இரண்டு செய்திகளையும் சேர்க்கிறேன். ஒன்று, கண்ணீரில் இரத்தம் கலந்து வருவதோ, வீக்கம் கண்மூலையின் கிடைக்கோட்டுக்கு மேலே கெட்டியாகத் தெரிவதோ சாதாரணச் சீழ் அல்ல. பின்னது புற்றுக்கட்டியாக இருக்கலாம். முன்னது, ஊரணியிலும் கண்மாயிலும் மூழ்கிக் குளிப்பவர்களிடம் இராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் அதிகம் காணப்படும் ரைனோஸ்போரிடியமாகவும் இருக்கலாம். மூக்கிலும் நீர்ப்பையிலும், சிவந்து, மேலே வெள்ளைப் புள்ளி தூவியது போன்ற சதை வளரும். நெடுங்காலம் பூஞ்சை என்று கருதப்பட்ட அது நீர்வாழ் நுண்ணுயிர் வகை என்பது பின்னர்தான் தெளிவானது. அதற்குச் செய்யும் அறுவை வேறு. மூக்குக்கு வழி திறந்தால் அங்கும் பரவும் என்பதால் வேரோடு எடுத்துச் சுட்டுவிடுவார்கள், அப்படியும் திரும்ப வரக்கூடும். மற்றொன்று சீமைக்கருவேல் முள். விறகு வெட்டும்போது இமையில் குத்தி ஒடிந்த முள், வெளியே ஒரு புள்ளிப் புண்ணாக ஆறிவிட்டு, வாரக்கணக்கில் கண்குழிக்குள் சீழ் கட்டும். மரத்துண்டு ஸ்கேனில் காற்றைப் போலத் தோன்றித் தவறிப்போவதும் உண்டு. ஆகவே முள் குத்தியது சிறிய செய்தியாக இருந்தாலும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

வீக்கம் வடிந்தபின் என்ன செய்வது என்பதுதான் பலர் மறந்துவிடும் பகுதி. சில வாரங்கள் கழித்துப் பையிலிருந்து மூக்குக்கு எலும்பில் புது வழி திறக்கும் அறுவையைச் செய்துகொள்ள வேண்டும். இத்தாலிய மருத்துவர் டோட்டி 1904இல் விவரித்த முறையின் வளர்ச்சி அது. இப்போது மூக்கு வழியாகவே, வெளியில் தழும்பில்லாமலும் செய்கிறார்கள். பத்தில் ஒன்பது பேருக்கு நீர் ஒழுகுவது நின்றுவிடும். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள். அதன்பின் துளையில் நீர் செலுத்தி, தொண்டையில் தடையின்றி இறங்குகிறது என்று உறுதியானால், சென்ற ஆண்டு தள்ளிப்போன புரை அறுவைக்கு அதே முகாம் சீட்டோடு மீண்டும் போகலாம்.